அரளிக்கு அந்தப்பக்கம் வெளிச்சம்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பிரிட்டோ ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது. சாதாரணச் சிரிப்பு இல்லை, விலா வலிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது கிடையாது. இப்போது சிரித்தால் எல்லாம் கெட்டது. லூர்து மாமாவின் பழைய ஆம்னி வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் கட்டம்போட்ட போர்வைக்குள் மாமா சுருண்டு படுத்திருக்கிறார், அதாவது முன்னால் வண்டி ஓட்டுகிற அப்பா அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார், போர்வைக்குள் இருப்பது திருச்சியில் அத்தை கொடுத்தனுப்பிய பலாப்பழம். மாமாவின் தொந்திக்கு அச்சாகப் பொருந்துகிறது. தலைக்கு என் ஸ்வெட்டரைச் சுருட்டி மாமாவின் துண்டைச் சுற்றியிருக்கிறேன். குறட்டைக்கு நான். கர்ர்ர் என்று இழுத்து, உச்சியில் மூச்சே நின்றுபோன மாதிரி ஓர் இடைவெளி விட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் ஐயோ ஆள் போய்விட்டாரோ என்று பயப்படுகிற நேரத்தில், புஸ். அந்த இடைவெளியில்தான் வித்தை இருக்கிறது. எவன் வேண்டுமானாலும் கர்ர் சொல்லலாம், புஸ் சொல்லலாம், நடுவில் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். அப்பாவின் கழுத்து எனக்கு முன்னால் இருக்கிறது, சட்டைக் காலருக்கு மேலே வெயிலில் கறுத்துப்போன கழுத்து, அதில் ஒரு நரம்பு. வானத்தில் சிவப்பு குறையக் குறைய அந்த நரம்பு எழும்புகிறது. “மாப்ள, தூங்கிட்டியா?” என்கிறார் அப்பா. கரகரவென்று வெற்றிலைத் தொண்டையில் நான் சொல்கிறேன், “தூங்குனா பதில் சொல்லுவனா மச்சான்?” அப்பா ம்ம் என்கிறார். நம்பிவிட்டார்.

போன வருடம்வரை இந்தக் குரல் எனக்கு வராது. அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் மெல்லிய குரல்கள், எட்டாம் வகுப்பு டீச்சர், பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் சொல்கிற பெண், ஜபமாலை சொல்லிக்கொண்டே பாலுக்குப் பூனை வருகிறதா என்று பார்க்கிற பக்கத்து வீட்டு ஃபிலோமினா அக்கா. தொண்டை உடைந்தபோது எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. அழுதேன், சத்தியமாக. அப்புறம் அடித்தொண்டையில் தடவிப் பார்த்தால் வேறு ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள், கண்டக்டர், பங்குச்சாமியார், மாமா. இன்னமும் நடுவில் ஒரு நேரம் கீச்சென்று பழைய வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள், அது ஒன்றுதான் பயம். மாமாதான் இந்தத் திட்டத்துக்குப் பாதி முதலாளி. அத்தை வீட்டில் ஞானஸ்நான விருந்து முடிந்து கிளம்ப நாலரை ஆகிவிட்டது, மணப்பாறைவரை மாமா ஓட்டினார், அங்கே டீ குடிக்க நிறுத்தியபோது பெரிதாகக் கொட்டாவி விட்டு, “மச்சான், பிரியாணி கண்ணை அமுக்குது, வெளிச்சம் இருக்கிறவரைக்கும் நீ ஓட்டு, இருட்டினா என்னை எழுப்பு, நான் எடுத்துக்கிறேன்” என்றார். அப்பா முகம் கழுவப் போன நேரத்தில் மாமா இறங்கிக்கொண்டார், பழம் ஏறிக்கொண்டது. மாமா தன் சிநேகிதர் காரில் எங்களுக்குப் பின்னாலேயே வருகிறார். “டேய், உங்கப்பன் கை நடுங்குச்சுன்னா வெளையாட்டு போதும். உன் சொந்தக் குரல்ல நிறுத்தச் சொல்லு. நான் வந்து எடுத்துக்கிறேன்” என்று என் காதைத் திருகி வாக்கு வாங்கியிருக்கிறார். சொந்தக் குரல் எது மாமா என்று கேட்டேன். மறுபடி திருகினார். அதனால் நான் குறட்டை விடுகிற வாயோடு அப்பாவின் கையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை ஸ்டீயரிங்கில் பத்து மணி பத்து நிமிஷம்போல இருக்கிறது. நடுங்கவில்லை. இன்னும் இருட்டவில்லை. அதனால் நடுங்கவில்லை. அப்படியும் சொல்லலாம்.

எதிர்ப்பக்கம் வருகிற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறக்கின்றன. முதலில் ஒரு பஸ், அப்புறம் இரண்டு கார், அப்புறம் எல்லாரும், வகுப்பில் ஒருத்தன் எழுந்து நின்றால் எல்லாரும் எழுந்து நிற்கிற மாதிரி. அப்பாவும் விளக்கைப் போடுகிறார், டக். அந்த டக் எனக்குள் எங்கேயோ போய் மாட்டிக்கொள்கிறது. அன்றைக்கும் டக் என்றுதான் போட்டார். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன், அப்பா ஓட்டிய டூரிஸ்ட் வேனில் கடைசி சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன், இதே ரோடு, அய்யலூருக்கு இந்தப்பக்கம். முன்சீட்டில் ஒரு தாத்தா ஏதோ சொன்னார், அப்பா சிரிக்கத் தொடங்கினார். அப்பாவின் சிரிப்பு எடுத்தவுடன் வராது. மார்கழி காலையில் பழைய வேனை ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி, தோள் ஒரு தரம் குலுங்கும், சத்தம் இருக்காது, மறுபடி குலுங்கும், செல்ஃப் எடுக்கும், எடுக்கும், அப்புறம் திடீரென்று பற்றிக்கொண்டு தடதடவென்று ஓடும், வண்டியில் உள்ளவர்கள் எல்லாம் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். அன்றைக்குப் பாதி ஓடியது. அப்போது வெள்ளை வந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பஸ், கூடுதலாக நாலு விளக்கு மாட்டியிருந்தான், ரோட்டின் நடுத்திட்டில் செடி இல்லாத மொட்டை இடம், வண்டிக்குள் திடீரென்று எல்லார் முகமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகி, ரோடு இல்லை, கோடு இல்லை, அப்பாவின் சிரிப்பு இல்லை. சென்டர் மீடியனில் ஏறி நின்றது வண்டி. தாத்தாவுக்குக் கை முறிந்தது, அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், பங்குச்சாமியார்கூட மாதாவின் புதுமை, அற்புதம் என்றார். அன்றிலிருந்து இருட்டினால் அப்பா ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். ஆனால் அந்தச் சிரிப்பின் மிச்சப் பாதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு எல்லாக் குரலும் வரும், அப்பா சிரிப்பது மட்டும் வராது. பாதிதான் தெரியும். மீதி மறந்துவிட்டது. அதுக்கப்புறம் கேட்கவே இல்லையே, எப்படி வரும்.

“மாப்ள, இருட்டுது. எந்திரி, ஓரங்கட்டுறேன்” என்கிறார் அப்பா. வந்துவிட்டது. நான் கர்ர்ரைப் பாதியில் உடைத்து, சப்புக்கொட்டி, “இங்கயா? இங்க ஓரங்கட்டாத மச்சான், பின்னால வர்ற லாரிக்காரன் வந்து முத்தம் குடுத்துட்டுப் போயிடுவான். டோல்கேட்ல மாத்திக்கலாம், அங்கதான் வெளிச்சம்” என்கிறேன். அப்பா மூக்கை உறிஞ்சுகிறார். பிறகு, “பழத்தை எங்க மாப்ள வெச்ச, வண்டி பூரா வாசனை” என்கிறார். “டிக்கில இருக்கு மச்சான்.” பலாப்பழம் தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லிவிட்டது. ஐயோ சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது, ஆனால் சொன்னேனே, இப்போது கிடையாது. நாளைக் காலையை நினைத்துக்கொள்கிறேன், சிரிப்பு தானாக இறங்கிவிடும். நாளைக் காலையில் அந்தோணி அண்ணனுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டும். அண்ணன் புது டூரிஸ்ட் வேன் வாங்கியிருக்கிறார், வாராவாரம் வேளாங்கண்ணி, சாயங்காலம் கிளம்பினால் விடியும்போது கடற்கரை. உன்னைவிட்டா யாரு சவரி என்று அவரே வீட்டுக்கு வந்து கேட்டார். அப்பா யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிறேன் என்றால் அப்பா அகராதியில் மாட்டேன் என்று அர்த்தம். ரோடு கான்ட்ராக்டரிடம் அவர் ஓட்டுகிற தண்ணீர் லாரியும் இந்த மாதத்தோடு நிற்கப்போகிறது, செடிகள் வேர் பிடித்துவிட்டனவாம், இனி மழை பார்த்துக்கொள்ளுமாம். அப்புறம் அப்பா பகலில் ஓட்டுகிற எதையாவது தேடுவார், கிடைக்கும், இல்லாமல் போகாது. ஆனால் இரவில் வேன் கழுவிவிட்டு வந்து, கைகால் கழுவாமல், ஊர் ஊராகப் பார்த்த கதையைச் சொல்லுவாரே அந்த ஆள் வரமாட்டார். அம்மா அதைத்தான் மெதுவாக ஒருநாள் சொன்னாள், “வீட்டுக்கு வந்துட்டாருடா, ஆனா இன்னும் வந்து சேரல.”

செடி என்றால் அரளி. நாலுவழி ரோட்டுக்கு நடுவில் வரிசையாக நிற்கிறதே, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பாதான் சொன்னார், அழகுக்கு இல்லடா, எதிர்ல வர்றவன் வெளிச்சம் இவன் கண்ணுல குத்தாம இருக்க. ஆடுமாடு தின்னாது, தண்ணி அதிகம் கேக்காது, புகையைக் குடிச்சுட்டுப் பூக்கும். அந்த வேலைக்குத்தான் அவர் போனார், வேறு எந்த வேலைக்கும் போகாமல். காலையில் லாரியை எடுத்தால் ஊர்கிற வேகத்தில் போவார், பின்னால் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நாலு மணிக்கெல்லாம் லாரியை ஷெட்டில் விட்டுவிடுவார், சூரியன் சாய்வதற்கு முன்னால் வீட்டில் இருப்பார். அந்த மொட்டை இடத்தை அவர் மறக்கவில்லை. அங்கே ஓட்டல் வைத்திருந்தவர் தன் போர்டு எதிர்ப்பக்கத்துக்கும் தெரிய வேண்டும் என்று செடிகளை வெட்டி வெட்டி மொட்டையாக்கி வைத்திருந்தார். அப்பா அரளிக் கிளைகளைப் போத்தாக வெட்டிக் கொண்டுபோய் நட்டார், மறுவாரம் காணோம். மறுபடி நட்டார், மறுபடி காணோம். ஒருநாள் ஓட்டல்காரருக்கு ஒரு போன் வந்தது, கனமான குரல், மூக்கால் பேசுகிற குரல், “ரோடு ஆபீஸ்லேர்ந்து பேசறேன், மீடியன்ல அரளி எண்ணிக்கை குறையுதே, என்ன விஷயம்? நேர்ல வந்து எண்ணிப் பார்க்கட்டுமா?” அதுக்கப்புறம் செடியை யாரும் தொடவில்லை. அந்த ஆபீசர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை என்று அப்பா எல்லாரிடமும் சொல்லுவார், நல்ல மனுஷன்டா, இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆபீசர். நான் சோற்றில் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாப்பா, ரொம்ப நல்ல மனுஷன்தான் போல என்பேன். லாரியில் மிஞ்சுகிற தண்ணீரையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருவார். அப்படி வளர்த்தார். ஆனால் ஒன்று, அந்தச் செடிகளை அவர் பகலில் மட்டுமே பார்த்திருக்கிறார். இருட்டில் அவை என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரியாது. மாத்திரையை வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் காய்ச்சலோடு படுத்திருக்கிற மாதிரி.

இருட்டிவிட்டது. இருபக்கமும் குன்றுகள் கறுத்துவிட்டன. அய்யலூர் ஏற்றம் தெரிகிறது, வந்துவிட்டது, அதோ ஓட்டல், பச்சை விளக்கு போட்ட போர்டு எங்கள் பக்கம் மட்டும் எரிகிறது. நான் குறட்டையை மறந்துவிட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வருகிறது, கூரைமேல்கூட விளக்கு மாட்டியிருக்கிறான், அது அதே பஸ் இல்லை, இருக்க முடியாது, ஆனால் கழுத்து நரம்பைப் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன், சொல்லிவிடலாமா, அப்பா நிறுத்துங்க, மூன்று வார்த்தையும் இல்லை, இரண்டு, என் குரலில், என் குரல் எங்கே, வாயில் மாமாதான் இருக்கிறார். பஸ் வருகிறது. வெள்ளை வரவில்லை. இலை இலையாக ஏதோ வருகிறது. அரளிக்கு அந்தப்பக்கம் ஒரு வெளிச்சம் ஓடுகிறது, வேலிக்குப் பின்னால் யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி, இலை நுனிகள் மட்டும் வெள்ளியாகி, நீட்டிய இலைகளின் நிழல் வண்டிக்குள் சீப்பு வாருகிற மாதிரி அப்பாவின் முழங்கையில், பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்த பிரியாணிப் பாத்திரத்தில், மாமாவின் தொந்தியில் வாரிக்கொண்டு போகிறது. போயேபோய்விட்டது. ரோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்பாவின் கால் ஆக்சிலரேட்டரில் இருந்து கொஞ்சம் எழும்பி மறுபடி இறங்குவது வண்டியின் சத்தத்தில் தெரிகிறது. இன்னொரு கார். சீப்பு. இன்னொரு லாரி. சீப்பு. “மாப்ள” என்கிறார் அப்பா, குரல் எனக்குப் பழக்கமில்லாத உயரத்தில் இருக்கிறது, “மாப்ள, எந்திரிச்சுப் பாருய்யா. எங்கிட்டு இருக்குய்யா வெளிச்சம்? எல்லாத்தையும் தின்னுட்டு நிக்குது. இது நான் வெச்சது. இந்த வரிசை பூராவும் நான் வெச்சது.” பலாப்பழத்திடம்தான் சொல்கிறார். என்னிடம் சொல்லவில்லையே என்று ஒரு நொடி பொறாமை வருகிறது, பழத்தின்மேல். “பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மச்சான்” என்கிறேன். அது பொய்யில்லை. “ஆளு ஒசரத்துக்கு வந்துடுச்சு பாரு. போன கோடையில நான் போனப்ப தலை தொங்கிக் கிடந்துச்சு, செத்துப்போச்சுன்னே நெனச்சேன்.” பேசிக்கொண்டே போகிறார். இருட்டைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார்.

ஆனால் எனக்கு மறக்கவில்லை, செடி இல்லாத இன்னோர் இடைவெளி எனக்கு ஞாபகம் இருக்கிறது. முன்னால் ஊருக்குள் திரும்புகிற வழி வருகிறது. அங்கே மீடியனில் செடி வைக்கமாட்டார்கள், திரும்புகிறவனுக்கு எதிரில் வருவது தெரிய வேண்டும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அங்கே எந்தச் சீப்பும் கிடையாது. டீ குடிக்கும்போதே நான் அதை நினைத்தேன், அப்புறம் நினைக்காமல் விட்டேன், அப்புறம் நினைத்தேன். அப்பாவுக்கும் தெரியும், முதுகை நிமிர்த்தி உட்காருகிறார். அரளி முடிகிறது. எதிரில் ஒரு கன்டெய்னர் லாரி, ஹை பீமில். வெள்ளை. இதோ, வெள்ளை வருகிறது, பாத்திரத்தின் மூடி எரிகிறது, என் முழங்கால் சுண்ணாம்பாகிறது, அப்பாவின் வலதுகையில் விரல்கள் ஒருமுறை ஸ்டீயரிங்கை விட்டுப் பிடிக்கின்றன, அது நடுக்கமா, அதுதான் நடுக்கமா மாமா, வாயைத் திறக்கிறேன், அப்பா என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் அப்பா தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கிறார், ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொள்கிறார், விரல் நுனியால் விளக்கைத் தாழ்த்தி உயர்த்தித் தாழ்த்துகிறார். டிக் டிக். டிரைவர்கள் பேசிக்கொள்கிற பாஷை அது, அண்ணே கண்ணு கூசுது, கொஞ்சம் இறக்குங்க. எத்தனை பேர் இறக்குவார்கள். லாரி இறக்கியது. எங்கேயோ வடக்கே இருந்து வருகிறவன், ஊர் தெரியாது, பாஷை தெரியாது, முகம் தெரியாது, ஒரு விரலால் விளக்கை இறக்கிவிட்டுப் போகிறான். வெள்ளை மஞ்சளாகி ரோட்டில் விழுந்து கிடக்கிறது. அரளி மறுபடி தொடங்கிவிட்டது. அப்பா உதட்டைக் குவித்துக் காற்றை விடுகிறார், நீளமாக. “நல்லா இருடா ராசா” என்கிறார், யாரிடமோ. நானும் மூச்சை விடுகிறேன், அது யார் குரலிலும் இல்லாத வெறும் மூச்சு.

டோல்கேட்டின் வெளிச்சம் மேடை போட்ட மாதிரி தெரிகிறது. வரிசையில் நிற்கிறோம். “மாப்ள, வந்துடுச்சு” என்கிறார் அப்பா. நான் கர்ர்ர் தொடங்குகிறேன், இனி என்ன செய்வது என்று எனக்கே தெரியாது, இதற்குமேல் நாங்கள் யோசித்திருக்கவில்லை. “சரி தூங்கு, எந்திரிக்காத. வீடு வரைக்கும் நானே ஓட்டிக்கிறேன்.” பிறகு கண்ணாடியைப் பார்க்காமல், ஸ்டீயரிங்கைப் பெருவிரலால் தட்டிக்கொண்டு, “காலைல அந்தோணி அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிடவா மாப்ள?” கேட்டுவிட்டார். என்னிடம் இல்லை, பழத்திடம் இல்லை, தன்னிடமே கேட்கிறார், பதில் அவர் குரலிலேயே இருக்கிறது, நான் சும்மா இருந்தால் போதும். ஆனால் சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். “சொல்லிடு மச்சா” என்றேன், ன் வருவதற்குள் தொண்டை உடைந்து கீச்சென்று பழைய வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டாள். கண்ணாடியில் அப்பாவின் கண் வருகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு குறட்டைக்குள் குதிக்கிறேன், கர்ர்ர், வலப்பக்கத்து ஜன்னலில், “அண்ணே, வெள்ளரிக்கா, பிஞ்சு வெள்ளரிக்கா” என்று ஓர் அக்கா கூடையை நீட்டுகிறாள், வேண்டாம் தாயி என்று அப்பா திரும்புகிறார், அக்கா நகர்கிறாள், நான் ஒரு கண்ணைத் திறக்கிறேன். அடுத்த வரிசையில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு கார். அதில் இந்தப்பக்கத்து ஜன்னலில், வாய் நிறைய மணப்பாறை முறுக்கோடு, லூர்து மாமா. மாமா அப்பாவைப் பார்க்கிறார். முறுக்கு நின்றுவிட்டது. மெதுவாகச் சீட்டுக்குள் சரியப் பார்க்கிறார், தொந்தி விடமாட்டேன் என்கிறது. அப்பா மாமாவைப் பார்க்கிறார். இங்கே என் வாயில் மாமாவின் குறட்டை உச்சியில் ஏறி நின்றுவிட்டது, இறக்கத் தெரியவில்லை, அந்த இடைவெளி, நடுவில் இருக்கிற அந்த இடைவெளி, நீண்டுகொண்டே போகிறது. அப்பா திரும்பாமல் இடதுகையை மட்டும் பின்னால் நீட்டுகிறார். போர்வையைத் தடவுகிறார். தொந்தியை ஒரு தட்டு தட்டுகிறார். கையை வெடுக்கென்று எடுத்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, மிக மரியாதையாகக் கேட்கிறார், “மாப்ள, உனக்கு எப்பய்யா முள்ளு மொளைச்சுது?” என்னால் முடியவில்லை. புஸ். முன்சீட்டில் அப்பாவின் தோள் ஒரு தரம் குலுங்குகிறது. சத்தம் இல்லை. மறுபடி குலுங்குகிறது. செல்ஃப் எடுக்கிறது.